குடியிருப்பில் பிள்ளைகளோடு காய்கறித் தோட்டம்: வீட்டுக்கு வீடு பிரிப்பதா, பொதுவில் வைப்பதா?

செம்பருத்தி_ஓஎம்ஆர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பெரும்பாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். 72 வீடுகள். பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரையொட்டி நாற்பதடி நீளம், ஆறடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. வீடு விற்கும்போது கொடுத்த புத்தகத்தில் அது புல்தரை. இப்போது உடைந்த டைல்ஸ், நெருஞ்சி, நாலைந்து பூனைகள். காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை நல்ல வெயில் விழுகிறது.

அதில் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து காய்கறி போடலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேசிப் பேசி ஆறு மாதத்துக்கு அனுமதி வாங்கிவிட்டேன். செயலாளர் போட்ட நிபந்தனைகள்: கொசு வரக் கூடாது, நாற்றம் வரக் கூடாது, மெயின்டனன்ஸ் பணத்தில் ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது. மூன்றாவதுதான் அவருக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

நாலு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இருபது பிள்ளைகள் வரை வருவார்கள். தாத்தா பாட்டிகள் சிலரும் ஆர்வமாக இருக்கிறார்கள். ஆனால் வாட்ஸப் குழுவில் இப்போதே இரண்டு கட்சி. ஒரு கட்சி "ஆளுக்கு ஒரு பாத்தி, அவரவர் செடி, அவரவர் காய்" என்கிறது. இன்னொரு கட்சி எல்லாம் பொதுவில் இருக்கட்டும் என்கிறது. மூன்றாவதாக ஒருவர், தோட்ட வகுப்பு எடுக்கிற ஏதோ நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம், பிள்ளைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவார்கள் என்கிறார்.

ஆடியில் விதைத்தால் சரியாக இருக்கும் என்று மாமியார் சொல்கிறார். என்ன போடலாம்? மே மாத லீவில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், அப்போது யார் தண்ணீர் ஊற்றுவது? தண்ணீர் என்றால், அந்த இடத்திலேயே ஒரு குழாய் இருக்கிறது, எஸ்டிபி லைன் (குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்திகரித்து விடுகிற தண்ணீர்). அதனால் அந்தக் கவலை இல்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மாடிவாசி:

ஆளுக்கு ஒரு குரோ பேக் கொடுத்து பால்கனியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூட்டுத் தோட்டம் எல்லாம் முதல் ஞாயிற்றுக்கிழமை போட்டோவோடு சரி. தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கிற மாடித்தோட்டத் தொகுப்பில் பை, தென்னை நார்க் கட்டி, விதை எல்லாம் வரும். இருப்பு இருக்கும்போது வாங்கிக்கொண்டால் செலவும் குறைவு.

பூவாளி (கோவை):

அம்மணி, மாடிவாசி சொல்வதில் பாதி சரி. போட்டோ கோஷ்டி எல்லா இடத்திலும் உண்டு. அதற்காகப் பிள்ளைகளை பால்கனிக்கு அனுப்பினால் அது வீட்டுச் செடி. கூடி விளையாடுகிற சமாச்சாரம் போய்விடும்.

எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைத் தோட்டம் பல வருடமாக நடக்கிறது. நான் வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவள், செடியைவிட எனக்குக் கணக்குத்தான் நன்றாக வரும். அதனால்தான் இந்தத் தோட்டம் நிற்கிறது என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். பிள்ளைகள் சண்டை போட்டு எந்தத் தோட்டமும் மூடியதில்லை. காய் யாருக்கு, தண்ணீர் யார், இந்த இரண்டில் பெரியவர்கள் முறைத்துக்கொண்டுதான் மூடும். இது இரண்டையும் விதைக்கு முன்னால் பேசி முடித்துவிடுங்கள்.

என் கட்சி இது: பாத்தி பொது, ஒரே ஒரு தொட்டி மட்டும் பிள்ளைக்குச் சொந்தம். தொட்டியில் பெயர் எழுதிக்கொள்ளட்டும், சாமந்தி வைக்கட்டும், மிளகாய் வைக்கட்டும், காய்ந்தாலும் அவர்கள் பாடு. பாத்தியைப் பிரித்தீர்களென்றால் ஒரு வீடு ஊருக்குப் போகும், அவர்கள் பங்கில் களை ஏறும், வெள்ளை ஈ அங்கே குடியிருந்து பக்கத்துப் பங்குக்கு வரும். அப்புறம் "உங்க கத்தரியிலிருந்துதான் எங்க கத்தரிக்கு வந்தது" என்று லிப்டில் பேச்சு. இன்னொன்று, தன் பிள்ளையின் செடி வாடினால் ராத்திரியோடு ராத்திரியாக நர்சரிச் செடியை வாங்கி நட்டுவைக்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். காலையில் பிள்ளைக்கு ஒரே குழப்பம், நேற்றுவரை இரண்டு இலை, இன்றைக்குப் பூ!

அறுவடைக்கு எங்கள் விதி: கீரை என்றால் அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு கட்டு. வராதவருக்கு இல்லை, தலைவராக இருந்தாலும் இல்லை. வெண்டைக்காய் அப்படிப் பங்கு போட வராது. ஒரு நாளில் பத்துக் காய் வந்தால் ஆளுக்கு அரைக் காயா கொடுப்பது? அதனால் காய் எல்லாம் கதவு எண் வரிசைப்படி ஒரு வாரம் ஒரு வீட்டுக்கு. நோட்டில் எழுதிவிடுவோம். பிஞ்சு வெண்டையைச் செடியடியிலேயே கடித்துத் தின்பதற்குக் கணக்கு இல்லை, அது பிள்ளைகளின் வரும்படி.

இனி விதை. உங்கள் மாமியார் சொன்னது சரி, ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் ஏதாவது முளைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் வாரம் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்கு வெந்தயம்தான். அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்து ராத்திரி ஊறவைத்துத் தூவினால் இரண்டு மூன்று நாளில் தலை காட்டும். கூடவே சிறுகீரை, மூன்று நாலு வாரத்தில் பிடுங்கலாம். கீரை விதை பொடிசு, இரண்டு பங்கு மணலோடு கலந்து தூவச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரே இடத்தில் கொட்டிவிட்டு வந்து நிற்பார்கள். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும். ஓரத்தில் கொஞ்சம் அரிசி மாவு போட்டால் அது மாவை இழுக்கும், விதை தப்பிக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த வேலைதான் ரொம்பப் பிடித்தது. விதை முளைத்ததைவிட எறும்பு மாவு தூக்கிப் போவதைப் பார்த்த நேரம் அதிகம்.

முள்ளங்கி ஒரு வரிசை கட்டாயம் போடுங்கள். நாற்பது, நாற்பத்தைந்து நாள் ஆகும், ஆனால் மண்ணிலிருந்து ஒன்றைப் பிடுங்குகிற சந்தோஷத்துக்கு வேறு காய் இல்லை. வெண்டையும் கொத்தவரையும் எட்டு வயதுக்கு மேலே உள்ளவர்கள் கையில். வெண்டை விதை பெரிசு, ஒரு சாண், இன்னொரு சாண் என்று அவர்கள் கையாலேயே அளந்து ஊன்றுவார்கள். சின்னக் கை என்பதால் நெருக்கமாகத்தான் விழும், பிறகு கலைத்துக்கொள்ளலாம். சுவரோரம் கயிறு கட்டி அவரை, புடலை ஏற்றலாம். தக்காளி, குடைமிளகாய், காலிஃபிளவர் என்று யாராவது ஆசைப்பட்டால் முதல் வருடம் காது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள். ஐப்பசியில் உங்கள் ஊர் மழையில் கீரை எல்லாம் படுத்துவிடும், அதற்குள் அறுத்து முடியுங்கள். மழைக்கு நிற்கிறது கொடிப்பசலை.

நாலைந்து வயதுக் குட்டிகளிடம் விதை கொடுக்காதீர்கள். மண்புழு தேடுவது, சொம்பில் தண்ணீர் கொண்டுவருவது, பழுத்த இலை பொறுக்குவது, அவ்வளவு போதும். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் கரைசல் அரைக்கிற வேலையும் தெளிக்கிற வேலையும் பெரியவர்களுடையது மட்டுமே. பிள்ளைகள் அடுத்த நிமிடம் கண்ணைக் கசக்குவார்கள். அரளி, ஊமத்தை, ஆமணக்கு அந்த வேலியில் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

பூச்சி என்றவுடன் ஞாபகம் வருகிறது. 2008ல் கோவைப் பக்கம் பப்பாளியில் ஒரு மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் போய், என்ன மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டியூண்டு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்டார்கள், அது வந்துதான் அடக்கியது. இந்தக் கதையைச் சொல்லித்தான் எங்கள் பிள்ளைகளிடம் "எது யாரைத் தின்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் நசுக்கலாம்" என்று சட்டம் போட்டேன். ஒரு மூலையில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வையுங்கள். அதில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு உட்கார்ந்திருக்கும், பிறகு பச்சையாக மாறும், பிறகு கூட்டுப்புழு, பிறகு வண்ணத்துப்பூச்சி. அந்தச் செடிப் புழுவை யாரும் தொடக் கூடாது. சமையலுக்குக் கறிவேப்பிலை கடையில் கொசுறாகக் கிடைக்கும்.

மே மாதத்துக்குப் பதில்: விட்டுவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி என்ன சாதிக்கப் போகிறோம்? மார்ச் கடைசியில் பாத்தி முழுக்கத் தட்டைப்பயறும் கொள்ளும் தூவிவிட்டு, அது ஓரளவு வளர்ந்ததும் அறுத்து அப்படியே மேலே மூடாக்காகப் பரப்புங்கள். ஜூனில் திரும்பி வரும்போது மண் உங்களுக்காகத் தயாராக இருக்கும். சொந்தத் தொட்டிகள் மட்டும் ஊரில் இருக்கிற தாத்தா பாட்டிகள் பொறுப்பு. அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமல்லவா.

மண்ணாங்கட்டி:

பூவாளி அம்மா எல்லாம் சொல்லிவிட்டார், நான் மண்ணுக்கு மட்டும் வருகிறேன். அதற்கு முன் ஒன்று: அந்த எஸ்டிபி குழாயை மறந்துவிடுங்கள். சுத்திகரித்த கழிவுநீர் மரத்துக்கும் புல்லுக்கும் சரி. பச்சையாகக் கடித்துத் தின்கிற வெண்டைக்கும், மண்ணோடு ஒட்டி வளர்கிற கீரைக்கும், அதில் கை விட்டு விளையாடுகிற நாலு வயதுக் குழந்தைக்கும் சரியில்லை. ஒரு குடியிருப்பின் எஸ்டிபி எல்லா நாளும் ஒழுங்காக ஓடும் என்று அதைப் பராமரிக்கிறவரே சத்தியம் செய்யமாட்டார். அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

போர் தண்ணீர் உங்கள் பக்கம் உப்பாக இருந்தால் பீன்ஸ் வகை முதலில் கருகும், பாலக்கும் பீட்ரூட்டும் தாங்கும். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரை நாற்றுக்கு ஊற்ற வேண்டாம், அதில் உப்பு இன்னும் செறிவு.

இருக்கிற மண்ணைக் கொத்தாதீர்கள். கட்டட இடிபாடு என்றால் சிமென்ட், சுண்ணாம்பு. மண்ணின் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து இருந்தும் செடிக்குக் கிடைக்காது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். டைல்ஸ் துண்டு பிள்ளைகள் கையைக் கிழிக்கும். மேலேயே செங்கல் அடுக்கிப் பாத்தி கட்டுங்கள். சுவரிலிருந்து ஓரடி விட்டு, மூன்றடி அகலப் பாத்தி, மிச்சம் இரண்டடி நடைபாதை. மூன்றடிக்கு மேல் போனால் குழந்தைகளுக்குக் கை எட்டாமல் பாத்திக்குள்ளேயே ஏறி மிதிப்பார்கள். 33 அடி நீளம், ஓரடி உயரம் என்று வைத்தால் 99 கன அடி, அதாவது லாரிக்காரர் கணக்கில் ஏறக்குறைய ஒரு யூனிட் (நூறு கன அடி). செம்மண் பாதி, மிச்சத்தில் மணலும் மக்கிய தொழுவுரமும் சமமாக. தொழுவுரம் மக்காமல் வந்தால் செயலாளரின் இரண்டாவது நிபந்தனை அன்றைக்கே உடையும், முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

சுவருக்கு ஓரடி ஏன் விடச் சொன்னேன் என்றால் பெயின்ட். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கட்டடம் என்றால் உதிர்கிற பொறுக்கில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. சுவரைச் சுரண்டி மறுபடி அடிக்கப்போகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடிப்பதாக இருந்தால் அதை முடித்துவிட்டு மண் கொட்டுங்கள். அவரைக்கொடியைச் சுவர்மேல் ஏற்றாமல் தனியாகக் கம்பு நட்டு ஏற்றலாம்.

ஈசூன்வாசி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே பொது, தனி இரண்டுமே இருப்பதால் உங்கள் கேள்விக்கு உதவுமே என்று. 2005லிருந்து தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டங்களை ஊக்குவிக்கிறது. வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடி புளோக்குகளுக்குக் கீழே குடியிருப்பாளர் குழுவே நடத்தும், விளைச்சல் பொதுவானது. அதற்கு அப்புறம் பூங்காக்களில் தனித் துண்டுகளும் கொடுக்கத் தொடங்கினார்கள். இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் உயர்த்திய பாத்தி, மூன்று வருடத்துக்கு, ஆண்டுக்கு 57 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) வரியும்.

என் அனுபவத்தில் பூவாளி அம்மாவோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு உண்டு. எங்கள் புளோக் கீழே இருக்கிற பொதுத் தோட்டம் அருமையாக இருக்கிறது, பண்டான், கங்கோங், கறிவேப்பிலை, சங்குப்பூ எல்லாம் உண்டு. ஆனால் வயதான அங்கிள்கள் மூன்று பேர் காலையிலேயே வந்து எல்லா வேலையையும் முடித்துவிடுவார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குப் பார்க்க மட்டும்தான் மிச்சம். பொது என்றால் நேரம் நிறைய இருப்பவர் கைக்குப் போய்விடும். என் மகள் தோட்டத்தில் உண்மையாகக் கை வைத்தது நாங்கள் தனித் துண்டு எடுத்த பிறகுதான்.

அதனால் ஒரு யோசனை. சிங்கப்பூர்ப் பூமலையில் (தாவரவியல் தோட்டம்) 2007ல் திறந்த ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டத்தில், பெரியவர்கள் ஒரு பிள்ளையோடு வந்தால்தான் உள்ளே விடுவார்கள். உங்கள் பாத்திக்கும் அதே விதியை வையுங்கள். தனியாக வரும் தாத்தாவுக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் அனுமதி, களை எடுக்கவும் பறிக்கவும் பேரன் வேண்டும்.

செம்பருத்தி_ஓஎம்ஆர்:

எல்லோருக்கும் நன்றி. எஸ்டிபி விஷயம் கேட்டதும் பிளம்பரைப் பிடித்துவிட்டேன். முப்பதடி தள்ளி கார் கழுவும் இடத்தில் மெட்ரோ தண்ணீர் லைன் இருக்கிறது, நீள ஹோஸ் போட்டால் வரும். கட்டடம் 2014ல் முடிந்தது, சுவர் உதிரத்தான் செய்கிறது. தீபாவளிக்கு முன்னால் பெயின்ட் அடிக்கப் போகிறார்களாம். அதை ஆடிக்கு முன்பே செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செயலாளர் "காய்கறிக்காக பெயின்டா?" என்றார், ஆனால் மறுக்கவில்லை.

பிள்ளையோடு வந்தால்தான் அனுமதி என்ற விதி குழுவில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, ஒரு தாத்தாவைத் தவிர. பாத்தி பொது, தொட்டி சொந்தம் என்பதற்கும் இரண்டு கட்சியும் சரி என்றுவிட்டார்கள்.

இன்னும் இரண்டு சந்தேகம். கட்டணம் வாங்கும் அந்த நிறுவனத்தை வைக்கலாமா? அப்புறம் ஒரு அம்மா, ஆணி குத்தினால் என்ன ஆகும், பூனை அசிங்கம் செய்யும் மண்ணில் எப்படிக் கை வைப்பது என்று பயப்படுகிறார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது.

பூவாளி (கோவை):

ஈசூன்வாசி சொன்ன அங்கிள்கள் எங்கள் ஊரிலும் உண்டு, எங்கள் வீட்டுக்காரரே ஒருவர். பேரன் விதி நன்றாக இருக்கிறது, நானும் எடுத்துக்கொள்கிறேன்.

நிறுவனம் வேண்டாம் அம்மணி, இப்போதைக்கு வேண்டாம். காசு கட்டிவிட்டால் பெற்றோர் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், நீங்கள் கேட்டது குடும்பமாக வருகிற தோட்டம். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை வேலிக்கு வெளியே நிற்கும், உங்கள் வீட்டுவேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளும்தான். அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கள் தோட்டத்தில் களை எது செடி எது என்று சரியாகச் சொல்வது அவர்களில் ஒரு பையன்தான். மண்ணுக்கும் செங்கலுக்கும் ஒரு தடவை வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, வரவு செலவை நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிடுங்கள். செயலாளர் வாயே திறக்கமாட்டார்.

அந்த அம்மாவின் பயம் நியாயம். தடுப்பூசி அட்டவணையில் ஐந்து வயதில் ஒன்று, பத்திலும் பதினாறிலும் டெட்டனஸ் ஊசி இருக்கிறது. அவரவர் அட்டையை ஒரு முறை எடுத்துப் பார்க்கட்டும். விட்டுப்போயிருந்தால் டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிட்டு வரட்டும். செருப்பு இல்லாமல் யாரும் வரக் கூடாது, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பூனைக்கு லேசான வெறும் மண் கிடைத்தால் கொண்டாட்டம். விதைத்த அன்றே கோழிவலையைப் படுக்கையாக மேலே விரித்துவிடுங்கள், செடி அதன் வழியாக வந்துவிடும், பூனை தோண்டாது. கீரை அடர்ந்த பிறகு வலையை எடுத்துவிடலாம். வலை விரிக்கும் முன்பே ஏதாவது இருந்தால் அதைப் பெரியவர்கள் கையுறை போட்டு எடுக்கட்டும்.

கொசுவுக்கு: தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றும் வாளி, சொம்பு, பூவாளி எல்லாவற்றையும் கவிழ்த்து வைக்கிற வேலையை பத்து வயதுக்காரர் ஒருவரிடம் கொடுத்து "கொசு அதிகாரி" என்று பேட்ஜ் குத்திவிடுங்கள். எங்கள் அதிகாரி போன வாரம் சங்கத் தலைவர் வீட்டு மணிபிளான்ட் குப்பியையும் கவிழ்த்துவிட்டு வந்தான்.

முப்பதடி ஹோஸ் போதாது, சுற்றிக்கொண்டு வரவேண்டும், ஐம்பதடி வாங்குங்கள். முனைக்குப் பூவாளி மூக்கு ஒன்று மறக்காமல் வாங்கி மாட்டுங்கள். ஹோஸ் தண்ணீர் நேராகப் பாய்ந்தால் தூவிய கீரை விதை எல்லாம் அடித்துக்கொண்டு போய் ஒரே மூலையில்தான் முளைக்கும்.